2028-ல் தோற்கப்போகும் அணிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2028 அதிபர் தேர்தலுக்கான பிரைமரிகளில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்புகளில்) யாரோ ஒரு வேட்பாளருக்காகக் கதவு தட்டவும், போன் போடவும், கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதியாகப் பெயர் கொடுக்கவும் போகிற அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு இதை எழுதுகிறோம். ஒரு கட்சியில் பத்துப் பேர் நின்றாலும் ஒருவர்தான் அதிபர் வேட்பாளர் ஆவார். அதனால் உங்களில் பெரும்பாலோர் தோற்கும் அணியில்தான் இருப்பீர்கள். இது சாபம் அல்ல, வெறும் கணக்கு. தோற்ற பிறகு என்ன செய்வது என்பதை முதல் வாக்கு விழுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. தோற்றவர் கட்சியைத் திருப்பிய கதைகள் நிறைய உண்டு. ஆனால் தோற்ற பிறகு யோசிக்க ஆரம்பித்துத் திருப்பியவர் அநேகமாக யாரும் இல்லை.

1968 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டை எல்லோரும் கண்ணீர்ப்புகைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு வாக்கெடுப்புகள். வியட்நாம் போரை நிறுத்தக் கோரிய யூஜின் மெக்கார்த்தியின் ஆதரவாளர்களும் போர் எதிர்ப்பு அணிகளும் கொள்கை அறிக்கையில் ஓர் அமைதித் தீர்மானத்தைச் சேர்க்கப் பார்த்தார்கள். 1,041¼ வாக்கு கிடைத்தது, எதிராக 1,567¾. தோல்வி. அதே வாரம், அதே அரங்கில், விதிக்குழுவின் சிறுபான்மை அறிக்கை (குழுவில் குறைவான ஆதரவு பெற்ற உறுப்பினர்களின் மாற்று அறிக்கை) ஒன்று ஓட்டுக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் பெரும்பான்மை மொத்தப் பிரதிநிதிகளின் வாக்கையும் விழுங்கிக்கொள்ளும் ‘யூனிட் ரூல்’ ஒழிய வேண்டும், அடுத்த முறை பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதில் சாதாரண உறுப்பினருக்கு முழுமையான, காலத்தே கிடைக்கும் வாய்ப்பு வேண்டும் என்றது அது. 1,350க்கு 1,206 என்று வென்றது.

கூடுதலாக விழுந்த அந்த 300 வாக்கு எங்கிருந்து வந்தது? போர் விஷயத்தில் மெக்கார்த்தி அணியோடு ஒத்துப்போகாத, ஆனால் தங்கள் மாநிலத் தலைவரின் பிடி பிடிக்காத பிரதிநிதிகளிடமிருந்து. அந்த வெற்றியிலிருந்து பிரதிநிதித் தேர்வு முறையைச் சீர்திருத்தும் மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம் பிறந்தது. அது விதித்த 18 வழிகாட்டு நெறிகளால் மூடிய அறையில் பிரதிநிதி நியமிக்கும் வழக்கம் உடைந்தது; மாநிலம் மாநிலமாக பிரைமரி பெருகியது. 1968-ல் ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் துணை அதிபர் ஹம்ஃப்ரி வேட்பாளராக முடிந்தது. 1972-க்குப் பிறகு அப்படி ஒருவர் வரவே வழியில்லாமல் போனது. (2024-ல் கமலா ஹாரிஸ் வந்தது வேறு கதை, அங்கே ஏற்கெனவே வென்றவர் விலகினார்.) மெக்கார்த்தி தோற்றார். இன்று நீங்கள் போடப்போகும் பிரைமரி ஓட்டே அவருடைய ஆட்கள் ஜெயித்த ஒரு விதியின் பேரப்பிள்ளை.

ஆகவே எங்கள் முதல் வாதம்: கொள்கை அறிக்கையில் ஒரு வரி வாங்குவதைவிட விதிப்புத்தகத்தில் ஒரு வரி வாங்குங்கள். கொள்கை அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. 2020-ல் குடியரசுக் கட்சி புதிய கொள்கை அறிக்கையே எழுதாமல் மாநாட்டை முடித்தது. வானம் இடிந்து விழவில்லை. விதி அப்படி அல்ல. அடுத்த தேர்தலில் யார் உள்ளே வரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஆனால் விதிக்குழுவில் உட்கார ஆள் வேண்டும். ஆள் வேண்டுமானால் பிரதிநிதிகள் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அணிகள் கோட்டை விடுகின்றன.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் என்ற வாசல் உண்டு. மாநில அளவில் ஒரு முறை, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் (நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி) தனித்தனியாக ஒரு முறை. 14.9 சதவீதம் வாங்கினால் பூஜ்யம். 2024 மிச்சிகனில் காஸா போரை எதிர்த்து ‘அன்கமிட்டட்’ (எந்த வேட்பாளருக்கும் இல்லை) என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள், சுமார் 13 சதவீதம். மாநில அளவில் வாசலைத் தாண்டவில்லை. தொகுதி அளவில் தேறியது 2 பிரதிநிதிகள். பைடனுக்கு 115. வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து ஊடகம் வியந்தது. கட்சி எந்திரத்துக்கு இரண்டு பேர் மட்டுமே தெரிந்தார்கள்.

வாசலைத் தாண்டிவிட்டால் தொகுதிக் கணக்கைப் படியுங்கள். இருவர் மட்டும் தேறும் தொகுதியில் 4 பிரதிநிதிகள் இருந்தால், 37 சதவீதத்துக்கு ஒருவர் கிடைப்பார். 38 சதவீதத்துக்கு இருவர். காரணம், நான்கில் 37.5 சதவீதம் ஒன்றரை; பின்னம் அரையைத் தொட்டால் இன்னொரு பிரதிநிதி கிடைப்பார். அங்கிருந்து 62 சதவீதம் வரை ஏறினாலும் அதே இருவர்தான். 3 பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் 17 முதல் 49 வரை ஒருவரே. 50-ஐத் தாண்டினால் இரண்டு. 5 பிரதிநிதிகள் என்றால் இரண்டாமவருக்கு 30 சதவீதம் போதும். 6 என்றால் மூன்றாமவருக்கு 41.67. ஆகவே 45 சதவீதத்தில் நிற்கும் 4 பிரதிநிதித் தொகுதியில் கடைசி வார விளம்பரப் பணத்தைக் கொட்டுவது வீண். 36-ல் நிற்கும் தொகுதிக்கு அந்தப் பணத்தையும் ஆட்களையும் அனுப்புங்கள். தோற்கும் அணிக்கு இந்த அரை சதவீதங்கள்தான் சொத்து. மாநிலம் முழுக்க வென்றோமா என்பது டிவிக்கான கேள்வி.

அடுத்த சறுக்கல், பெயர்ப் பட்டியல். பல மாநிலங்களில் பிரதிநிதிகளின் பெயரை முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். 2012 ஒஹாயோ குடியரசுக் கட்சி பிரைமரியில் ரிக் சான்டோரம் சில தொகுதிகளுக்குப் பிரதிநிதிப் பட்டியலே கொடுக்காமல் விட்டார். வாக்கு கிடைத்தாலும் உட்கார ஆள் இல்லாத நிலை. அதே ஆண்டு வர்ஜினியாவில் 10,000 கையெழுத்து, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் குறைந்தது 400 என்ற நிபந்தனையை ராம்னியும் ரான் பாலும் மட்டுமே தாண்டினார்கள். கையெழுத்து வாங்கும்போது தேவைக்கு ஒன்றரை மடங்காவது வாங்குங்கள். முகவரி பொருந்தாதது, பதிவில் இல்லாதது, இரண்டு முறை போட்டது என்று சரிபார்ப்பில் கணிசமாக உதிரும்.

ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிக் குழு ஆண் பெண் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பெயர் கொடுக்கும் கூட்டத்தில் ஆண்களே வரிசையாக நின்றால் பாதி இடத்துக்கு உங்களிடம் ஆள் இருக்காது. இன்னொன்று: பிரதிநிதியாக நிற்பதும் வாக்களிப்பதும் குடிமக்களுக்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை கொடுக்கலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. சம்பளமில்லாத் தொண்டராக உழைக்கலாம், ஆனால் பணத்தை எப்படிச் செலவழிப்பது, யாரை எங்கே நிறுத்துவது போன்ற பிரசார முடிவுகளில் தலையிடக் கூடாது. நம் ஆட்கள் ஆர்வத்தில் வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டி யாரோ ஒருவர் பெயரில் மொத்தமாகக் கட்டுவது சட்டப்படி குற்றம். தயவுசெய்து வேண்டாம்.

இனி குழுக்கள். மாநாட்டின் கொள்கைக் குழு, விதிக்குழு, தகுதிக் குழு மூன்றிலும் ஜனநாயகக் கட்சி விதிப்படி மாநிலங்களின் இடங்கள் பிரைமரி முடிவின் விகிதத்தில் பிரிகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு குழுவிலும் கட்சியின் தேசியத் தலைவர் நியமிக்கும் 25 பேர் உண்டு. அவர்களை வென்றவரின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 25 சதவீதம் உறுப்பினர் கையெழுத்திட்டால் சிறுபான்மை அறிக்கை மாநாட்டு அரங்கத்துக்கு, நேரலை கேமராக்களுக்கு முன், விவாதத்துக்கு வந்துவிடும். வென்றவருக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். ஒற்றுமையைக் காட்ட வேண்டிய நான்கு இரவுகளில் ஓர் இரவு சண்டையில் போய்விடும்.

2016 ஜூலை 23, ஃபிலடெல்ஃபியா. விதிக்குழுவில் சூப்பர் டெலிகேட்களை (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல், பதவியால் மாநாட்டில் வாக்குரிமை பெறும் கட்சிப் பிரமுகர்களை) ஒழிக்கும் திருத்தத்தை, ஹிலாரி கிளின்டனிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் அணி கொண்டுவந்தது. 58க்கு 108 என்று தோற்றது. ஆனால் குழுவின் மொத்த பலம் 187. அதில் கால்வாசி 47. 58 பேர் கைதூக்கிவிட்டார்கள், அதாவது சிறுபான்மை அறிக்கை நிச்சயம். அன்றே உள் அறைகளில் பேச்சு நடந்து, சீர்திருத்த ஆணையம் அமைக்கும் சமரசம் 158க்கு 6 என்று நிறைவேறியது. 21 பேர் கொண்ட அந்த ஆணையத்தில் சாண்டர்ஸுக்கும் இடங்கள் எழுதப்பட்டிருந்தன. 2018 ஆகஸ்டில் தேசியக் குழு சிகாகோவில் கூடி, முடிவு ஏற்கெனவே உறுதியாகாத முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்கள் வாக்களிக்க முடியாது என்று விதியை மாற்றியது. தோற்ற திருத்தத்தின் சாரம் இரண்டே ஆண்டில் விதியானது. 58 என்ற எண்ணிக்கை இல்லாமல் அந்தச் சமரசம் நடந்திருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து. உரைகள், பேரணிகள், ஹாஷ்டேக்குகள் எல்லாம் அந்த 58 பேரை அறைக்குள் கொண்டுவந்த வரைக்கும்தான் பயன்பட்டன.

அந்த 58 பேர் அறைக்குள் இருந்ததற்கு இன்னொரு காரணம், சாண்டர்ஸ் களத்தை விட்டுப் போகாதது. கடைசி பிரைமரி ஜூன் 14-ல் முடிந்தது. கொள்கைக் குழு ஜூலை 8, 9-ல் ஒர்லாண்டோவில் கூடி 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றது. அதற்குச் சற்று முன்புதான் ஆண்டுக்கு 1,25,000 டாலர் வரை வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாநிலப் பொதுக் கல்லூரிகளில் கட்டணமில்லை என்ற திட்டத்தை ஹிலாரி அறிவித்தார். சாண்டர்ஸ் ஆதரவு அறிவித்தது ஜூலை 12-ல். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வாங்கியது, பிறகு கொடுத்தது. ஆதரவை முதல் நாளே கொடுத்துவிட்டுக் கோரிக்கைப் பட்டியலை நீட்டுவது பந்தி முடிந்து இலை எடுத்தபின் பாயசம் கேட்பது மாதிரி.

அதே நேரம், எல்லாம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிபர் ஒபாமா முன்னெடுத்த பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்க்கும் திருத்தம் ஒர்லாண்டோவில் தோற்றது. பதவியில் இருக்கும் சொந்தக் கட்சி அதிபரை நேரடியாகக் குத்தும் கோரிக்கை எப்போதும் கடைசியில்தான் நகரும்.

போட்டியை விடும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் நூற்றுக்கணக்கான பிரதிநிதிகள் தொங்குகிறார்கள். ‘விலகுகிறேன்’ என்று எழுத்தில் கொடுத்தால், ஜனநாயகக் கட்சி விதிப்படி மாநில அளவிலான இடங்களை இழக்க நேரிடும். தொகுதி அளவில் கிடைத்தவை மட்டும் மிஞ்சும். ‘பிரசாரத்தை நிறுத்திவைக்கிறேன்’ என்பது வழக்கமான பாதுகாப்பு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. 2020 ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் அப்படித்தான் நிறுத்தினார், இனி வரும் மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் தன் பெயர் இருக்கும் என்று அன்றே சொன்னார். ஆனாலும் ஏப்ரல் 27-ல் நியூயார்க் தேர்தல் வாரியம் அவர் பெயரை நீக்கி பிரைமரியையே ரத்து செய்தது. வழக்குப் போட்டது இன்னொரு தோற்ற வேட்பாளர், ஆண்ட்ரூ யாங். மே 5-ல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்தை நீக்கியது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இதற்கிடையே பைடன் அணியோடு பேசி, மாநில அளவு இடங்களைச் சாண்டர்ஸ் வைத்துக்கொள்ள ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது. உங்கள் அணியில் ஒரு வழக்கறிஞருக்கு இந்த ஒரே வேலையைக் கொடுங்கள்: ஒவ்வொரு மாநிலத்திலும் ‘நிறுத்திவைப்பு’ என்றால் என்ன அர்த்தம் என்று ஜனவரிக்குள் பட்டியல் போடுவது.

அந்த 2020 பேரத்தின் இன்னொரு பகுதி ஆறு கூட்டுப் பணிக்குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்திலிருந்தும் ஒரு இணைத்தலைவர். சுகாதாரக் குழுவுக்குச் சாண்டர்ஸ் பக்கத்தில் பிரமிளா ஜெயபால் (பிறந்தது நம் சென்னையில்), பைடன் பக்கத்தில் விவேக் மூர்த்தி. பருவநிலைக் குழுவில் ஒகாசியோ-கோர்டெஸும் ஜான் கெரியும். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற சாண்டர்ஸின் தலைக் கோரிக்கை அங்கே தேறவில்லை. பருவநிலையில் தேறியது: 2035-க்குள் மின் உற்பத்தியில் கார்பன் மாசை ஒழிக்கும் இலக்கு பணிக்குழு அறிக்கையில் ஏறியது, சில நாட்களில் பைடனின் சொந்தத் திட்டத்திலும் வந்தது. எதில் வென்றவர் இன்னும் முடிவெடுக்கவில்லையோ அதில் கேளுங்கள். எதை எதிர்த்துப் பேசியே அவர் பிரைமரியில் வென்றாரோ அதை அவரிடமே கேட்டால் கிடைக்காது.

விதிப் பேரத்தில் தேர்ந்தவர் என்று நாங்கள் கருதுவது சிவில் உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் அணியை. 1984-ல் 18 சதவீத வாக்கு வாங்கியும் பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்த பங்கு அதைவிட மிகக் குறைவு. 1988-ல் சுமார் 69 லட்சம் வாக்குகளோடு அட்லாண்டாவுக்குப் போனபோது, பிரைமரியில் வென்ற டுகாகிஸுக்கு ஜாக்சனின் சிரித்த முகம் மேடையில் தேவைப்பட்டது. ஜாக்சன் அணி கேட்டதில் நிலைத்து நின்றது விகிதாசாரம்: வென்றவருக்கே எல்லாம், போனஸ் பிரதிநிதி போன்ற ஓட்டைகள் அடுத்த தேர்தலிலிருந்து மூடப்பட்டன. இருபது ஆண்டு கழித்து 2008-ல் கலிஃபோர்னியாவை ஹிலாரி வென்றார். பிரதிநிதிகள் 204 அவருக்கு, 166 ஒபாமாவுக்கு. வென்றவருக்கே எல்லாம் என்ற விதி இருந்திருந்தால் 370-உம் ஒரே பக்கம் போயிருக்கும்.

ஆனால் அதே அட்லாண்டா ஒப்பந்தத்தில் சூப்பர் டெலிகேட்களைக் குறைப்பதாகவும் எழுதினார்கள். மாநாடு முடிந்து, தேர்தலும் தோற்று, கூட்டம் கலைந்தபின் தேசியக் குழு அந்தப் பகுதியை மட்டும் திருப்பிப் போட்டது. அதில் உட்கார்ந்திருந்தவர்களின் சொந்த நாற்காலியை அது குறைத்தது அல்லவா? யாருடைய இடம் பறிபோகிறதோ அவர்களிடமே நிறைவேற்றும் பொறுப்பை விடாதீர்கள். கெடு தேதி, ஆணையத்தில் உங்கள் ஆட்களின் எண்ணிக்கை, அறிக்கை யாரிடம் போகும், எப்போது வாக்கெடுப்பு ஆகிய நான்கும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

விதிச் சண்டை எல்லாமே புண்ணியமானது என்றும் நினைக்க வேண்டாம். 1980-ல் அதிபர் கார்ட்டரிடம் பிரைமரியில் பின்தங்கிய எட்வர்ட் கென்னடியின் அணி, பிரதிநிதிகளைப் பிரைமரி முடிவோடு கட்டிப்போடும் விதியைத் தளர்த்தப் பார்த்தது. சுமார் 1,390க்கு 1,936 என்று தோற்றது. அன்றிரவே கென்னடி விலகினார். அந்த மாற்றத்தால் லாபம் அவர் ஒருவருக்குத்தான் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. 1968-ல் எதிரணியிலிருந்தும் 300 பேர் வந்தார்கள். 1980-ல் வர யாருக்கும் காரணம் இல்லை. 1976-ல் ரீகன் அணியும் இதே குழியில் விழுந்தது. துணை அதிபர் யார் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற 16-சி விதியைக் கொண்டுவந்து அதிபர் ஃபோர்டை மடக்கப் பார்த்தது. 1,069க்கு 1,180 என்று தோற்றது. ஆனால் ரீகன் ஆட்களுக்கு இன்னொரு துருப்பு இருந்தது: ‘வெளியுறவுக் கொள்கையில் அறநெறி’ என்ற தீர்மானம். சோவியத்துடன் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் காட்டிய இணக்கப் போக்கை மறைமுகமாகச் சாடியது அது. எதிர்த்து ஓட்டெடுப்பில் தோற்றால் வேட்புமனுவே ஆட்டம் காணும் என்று ஃபோர்டின் ஆட்கள் குரல் வாக்கெடுப்பில் விட்டுவிட்டார்கள். பதவியில் இருந்த அதிபரின் வெளியுறவுக் கொள்கையைக் கண்டிக்கும் பத்தி, அவர் கட்சியின் அறிக்கையிலேயே ஏறியது. இறுதி வாக்கு 1,187க்கு 1,070. எதிர்த்தாலும் நஷ்டம், ஏற்றாலும் நஷ்டம் என்ற தீர்மானத்தை எழுதத் தெரிந்தவர் உங்கள் அணியில் ஒருவர் இருந்தால் போதும்.

குடியரசுக் கட்சியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கொள்கைக் குழுவில் மாநிலத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண். அவர்களை மாநிலப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் மாநில மாநாட்டில் பெரும்பான்மை பிடிப்பதுதான் வழி. 2012-ல் ரான் பால் ஆட்கள் அதைச் செய்தார்கள்: ஐயோவா காகஸில் (உள்ளூர்க் கட்சிக் கூட்டங்களில் நடக்கும் வாக்கெடுப்பில்) சுமார் 21 சதவீதம், டாம்பா மாநாட்டில் ஐயோவாவின் 28-ல் 22 பேர். ஃபெடரல் ரிசர்வைத் தணிக்கை செய்யும் கோரிக்கை கட்சி அறிக்கையில் ஏறியது. ஆனால் வாக்காளர் முடிவுக்கும் பிரதிநிதி எண்ணிக்கைக்கும் இருந்த இடைவெளி கட்சித் தலைமையை உசுப்பிவிட்டது. மெய்ன் மாநிலப் பிரதிநிதிகளில் பாதிப்பேரை மாற்றினார்கள். பெயர் முன்மொழிய ஐந்து மாநிலங்களில் முன்னிலை என்றிருந்த 40(பி) விதியை எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை என்று உயர்த்தினார்கள். சாமர்த்தியத்தால் மட்டும் வாங்கிய இடத்தைச் சாமர்த்தியத்தாலேயே பிடுங்குவார்கள்.

கடன் பற்றிச் சுருக்கமாக. பிரசாரக் கடனோடு பேரம் பேசப் போகாதீர்கள். 2008-ல் ஹிலாரி 2 கோடி டாலருக்கு மேல் கடனோடு நின்றார்; கடனடைக்க வென்றவரின் நன்கொடையாளர் உதவியை நாட வேண்டியிருந்தது. அந்த உதவி கேட்கும் மேஜையில் கொள்கை கேட்க இடம் குறைவு.

மாநாடு முடிந்தபின் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. ரீகன் மிஞ்சிய பிரசாரப் பணத்தில் 1977-ல் ‘சிட்டிசன்ஸ் ஃபார் தி ரிபப்ளிக்’ என்ற குழுவைத் தொடங்கி நான்கு ஆண்டும் ஆட்களை விடாமல் வைத்திருந்தார். 1988-ல் குடியரசுக் கட்சிப் போட்டியில் தோற்ற பாட் ராபர்ட்சனின் ஆதரவாளர் வலை, மறு ஆண்டே ‘கிறிஸ்டியன் கோயலிஷன்’ ஆனது. ஹோவர்ட் டீன் 2004 ஜனநாயகக் கட்சிப் போட்டியில் படுதோல்வி அடைந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கட்சியின் தேசியத் தலைவர். அந்தப் பதவிக்கு வாக்கு சில நூறு பேருக்குத்தான். தலைவரானதும் ஐம்பது மாநிலங்களிலும் சம்பளத்துக்குக் களப்பணியாளர்களைப் போட்டார். மின்னஞ்சல் பட்டியலை வென்றவருக்கு வாடகைக்குக் கொடுங்கள், விற்காதீர்கள். பெயர்களை மாநிலம், கவுண்டி, பிரிசிங்க்ட் (வாக்குச்சாவடிப் பகுதி) வாரியாகப் பிரித்து வையுங்கள். பல கவுண்டிகளில் பிரிசிங்க்ட் குழு இடங்கள் போட்டியிட ஆளின்றிக் காலியாகவே கிடக்கின்றன. சில மாநிலங்களில் ஒரு சில கையெழுத்தோடு அந்த இடத்துக்கு வரலாம். தேசியக் குழு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் ஏணியின் அடிப்படி அதுதான்.

கடைசியாக, பணம். மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதி விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் தன் கைக்காசில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ஆயிரம் டாலர் ஆகும். கட்சி ஒதுக்கும் ஹோட்டலில் அந்த வார அறை வாடகை மலிவாக இருக்காது. 2016-ல் சாண்டர்ஸ் பிரதிநிதிகள் பலர் இணையத்தில் நிதி திரட்டித்தான் ஃபிலடெல்ஃபியா வந்தார்கள். காசில்லாமல் ஒருவர் வராமல் போனால் அவர் இடத்தில் மாற்றுப் பிரதிநிதி உட்காருவார். குழுக் கூட்டத்தில் என்றால் அந்த நாற்காலி காலியாகவும் கிடக்கலாம். 47 கையெழுத்து தேவைப்படும் இடத்தில் 46 இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் வரிவிலக்கு பெற்ற அமைப்பாக இருந்தால் அதன் வழியாக இந்தப் பணத்தைத் திரட்டாதீர்கள், வரிவிலக்கே போய்விடக்கூடும். தனி நபர்களாக, சட்டம் அனுமதிக்கும் வழியில், 2028 வசந்தத்துக்கு முன்பே திரட்டத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
இரு கட்சிகளின் விதிப்புத்தகங்களையும் அடிக்குறிப்போடு படிக்கும் சிலர்